இங்கிலிஸ் ஹை-பவர் பிஸ்டலை கனடாவில் விற்பது எப்படி?

கேள்வி:
டொராண்டோவில் ஜான் இங்கிலிஸ் நிறுவனம் 1944-45இல் தயாரித்த 9 மிமீ ஹை-பவர், கட்டுப்படுத்தப்பட்ட ஆயுதமாக என் பெயரில் பதிவாகியுள்ளது. இன்னொரு சேகரிப்பாளருக்கு விற்கலாமா? என்ன விலை சொல்லலாம்?

பதில் 1:
சாதாரண உரிமம் வைத்திருக்கும் தனிநபருக்கு விற்க முடியாது. 2022 அக்டோபர் 21 முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது. 2023 டிசம்பரில் சி-21 என்ற துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதை உறுதியாக்கியது. கைத்துப்பாக்கி உரிமமுள்ள வணிகர், அருங்காட்சியகம், முறையான அனுமதியுடன் ஏற்றுமதி, இவைதான் மிச்சம். பதிவு மாற்றத்துக்கு ஒப்புதல் வரும்வரை பொருளைக் கைமாற்றவே கூடாது.

பதில் 2:
விலைக்கு முதலில் வரிசை எண்ணைப் பாருங்கள். நடுவில் 'சிஎச்' (CH) இருந்தால் சீனாவுக்கென்று செய்தது: பின்பக்கக் குறிபார்க்கும் பாகத்தில் தூர அளவுகள், பிடியின் பின்புறம் தோளில் ஊன்றும் கட்டையை மாட்டுவதற்கான பள்ளம். அந்தக் கட்டையாகவும் பயன்படும் அசல் மர உறை கூடவே இருந்தால் மதிப்பு ஏறும். சட்டகத்திலும் ஸ்லைடிலும் (மேலே முன்பின் நகரும் பகுதி) எண் ஒத்துப்போக வேண்டும். முத்திரை எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் மறுபூச்சு என்று சந்தேகிக்கலாம். விலை நன்றாக இறங்கும். தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். அமெரிக்க ஏல விலையை அப்படியே எடுக்கவும் வேண்டாம், இங்கே வாங்குவோர் மிகக் குறைவு.

பதில் 3:
நேரில் கொண்டுபோனால் போக்குவரத்து அனுமதி கட்டாயம். தோட்டா நீக்கி, விசைப்பூட்டு மாட்டி, உள்ளே தெரியாத பூட்டிய பெட்டியில் வையுங்கள்.