வினையூக்கி மாற்றியின் உட்பகுதியை அகற்றிவிடலாமா?

மயூர் விகார் வாசகர்:
என் பெட்ரோல் காரின் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (வினையூக்கி மாற்றி) அடைத்துக்கொண்டிருப்பதாகவும், உள்ளிருக்கும் பீங்கானை உடைத்தெடுத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் பொருத்தினால் வண்டி நன்றாக இழுக்கும் என்றும் மெக்கானிக் கூறுகிறார். புதியதன் விலையோ மிக அதிகம். தில்லியின் குளிர்காலக் காற்றைச் சுவாசிப்பவன் என்பதால் தயங்குகிறேன். அந்தக் கருவி உண்மையில் என்ன செய்கிறது?

துவாரகா பொறியாளர்:
தயவுசெய்து அகற்றாதீர்கள், ஐயா. தேன்கூடு போன்ற அந்தப் பீங்கானின் நுண்துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மிக மெல்லிய பூச்சாகப் படிந்துள்ளன. விலைக்கு முதன்மைக் காரணமும் அவையே. எஞ்சினிலிருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும், எரியாமல் மிஞ்சிய ஹைட்ரோகார்பன்களும் பிளாட்டினம், பல்லேடியத்தின் பரப்பில் ஆக்சிஜனுடன் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. ரோடியமோ நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரித்து, காற்றில் இயல்பாகவே உள்ள நைட்ரஜனாக வெளியேற்றுகிறது. ஒன்றுக்கு ஆக்சிஜனைச் சேர்க்க வேண்டும், மற்றொன்றிலிருந்து நீக்க வேண்டும். எதிரெதிரான இவ்விரு வேலைகளும் ஒரே கூட்டுக்குள் நடக்க, 1 கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று என்ற விகிதம் பிசகக் கூடாது. அதைக் காப்பதற்கே புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் உள்ளது.

ஆர்.கே.புரம் வாசகி:
தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலும் 1995 ஏப்ரலில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இக்கருவி கட்டாயமானபோது, ஈயமற்ற பெட்ரோலும் உடன் வழங்கப்பட்டது. ஈயம் அந்த உலோகப் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதே காரணம். ஆனால் தில்லியின் புகைமூட்டம் முழுவதையும் இது தீர்த்துவிடாது. சாலைப்புழுதியும் பயிர்த்தாள் எரிப்பும் இதன் எல்லைக்கு வெளியே உள்ளவை.

மயூர் விகார் வாசகர்:
மிக்க நன்றி. குளிர்காலக் காலையில் வண்டியைக் கிளப்பியதும் புகை நாற்றம் அதிகமாக இருப்பது ஏன்?

துவாரகா பொறியாளர்:
ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டிய பின்னரே வினையூக்கி சரிவர இயங்கும். ஆகவே முதல் சில நிமிடங்களின் புகை பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமலேயே வெளியேறுகிறது. பால் வாங்கத் தெருமுனை வரை மட்டும் காரை எடுத்துச் செல்வதைத் தவிர்ப்பது நல்லது. மேலும், அடைப்பு ஏன் ஏற்பட்டது என்பதை முதலில் கண்டறியச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக் பழுதால் எரியாத பெட்ரோல் உள்ளே சென்று எரிந்து பீங்கானை உருக்கியிருக்கலாம். எஞ்சின் ஆயில் கசிந்து எரிந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் பழுதாகிவிடும்.