உச்சிப்புளித் தோப்பு: டிரஸ்ட் பத்திரம் செல்லுமா?

கடலோரப் பெண்: உச்சிப்புளிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு 4 ஏக்கர். மறைந்த அப்பா 2016இல் அதைக் குடும்ப டிரஸ்ட் ஆக்கி, அண்ணனை அறங்காவலராகவும் அவர் பிள்ளைகளைப் பயனாளிகளாகவும் எழுதிவிட்டார். சென்ற ஆண்டு வில்லங்கச் சான்று எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. வலக்கை விழுந்து கிடந்தவரிடம் கைரேகை வாங்கியிருக்கிறார்கள். வழக்குப் போட்டால் நிற்குமா?

தொண்டிக்காரன்: நிற்காது. முறையாகப் பதிவான பத்திரம். 1882 டிரஸ்ட் சட்டப்படி, கலைக்கும் உரிமையைப் பத்திரத்தில் தனக்கென வைத்துக்கொள்ளாதவர் தன் விருப்பத்துக்கு டிரஸ்டைக் கலைக்க முடியாது. எழுதியவருக்கே அந்தக் கதி. நானும் ஒரு குடும்ப டிரஸ்டைப் பார்த்துக்கொள்பவன்தான். தேங்காய் விலை ஏறியதும் பாசம் பொங்கிய தங்கைகளைக் கண்டிருக்கிறேன்.

கடலோரப் பெண்: என் பாசத்தை நீங்கள் அளக்க வேண்டாம். அப்பாவின் மூத்திரத் துணியைத் துவைத்தது யார் என்று ஊரில் கேளுங்கள்.

பழைய பத்திர எழுத்தர்: கைரேகையைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள், அம்மா. அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருந்ததா?

கடலோரப் பெண்: மறைப்பானேன், இருந்தது. வெட்டுக்காரர் 20 காய் குறைத்துச் சொன்னாலும் கட்டிலில் கிடந்தபடியே பிடித்துவிடுவார்.

பழைய பத்திர எழுத்தர்: அப்படியானால் அந்த வழி கடினம். சொத்து யாருடையது என்று பாருங்கள். தாத்தா சொந்தமாக வாங்கி, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இறந்திருந்தால் அது அப்பாவின் தனிச் சொத்து. நீங்கள் வாய் திறக்க முடியாது. தாத்தாவுக்குப் பாகப்பிரிவினையில் வந்த பூர்வீகமென்றால் கதை வேறு. 2005 திருத்தத்தால் நீங்களும் பிறப்பால் பங்காளி. பிரிக்காத தன் பங்கை ஒருவர் நம் தமிழ்நாட்டில் விற்கலாம். மற்றவர் சம்மதமின்றித் தானமாக எழுதினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1987இலேயே சொல்லிவிட்டது. பத்திரத்தில் நீங்கள் கையெழுத்திடவில்லை. அந்தப் பத்திரம் என் பங்கைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் அறிவிக்கும் விளம்புகை கேளுங்கள், கூடவே பாகமும்.

தொண்டிக்காரன்: வழக்குப் போட உள்ள 3 ஆண்டுக் காலவரம்பு எங்கே போயிற்று? பதிவு செய்ததே ஊருக்கு அறிவிப்புதானே?

பழைய பத்திர எழுத்தர்: தம்பி, அந்த அறிவிப்பு பிறகு சொத்தை வாங்க வருகிறவருக்கு. ரத்து கேட்டாலும் 3 ஆண்டு என்பது விவரம் தெரிந்த நாளிலிருந்து. அதற்காக நீங்களும் தூங்கிவிடாதீர்கள், அம்மா.

கடலோரப் பெண்: வீட்டுத் தகரப் பெட்டியில் 1951ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று இருக்கிறது. தாத்தாவும் அவர் தம்பியும் பிரித்துக்கொண்டது. பாதியைக் கரையான் தின்றுவிட்டது.

தொண்டிக்காரன்: இந்தத் தோப்பின் சர்வே எண் அதில் இருக்கிறதா?

கடலோரப் பெண்: அந்த வரியில்தான் கரையான். ஆவண எண் தெரிகிறது.

பழைய பத்திர எழுத்தர்: அது போதும். சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள்.