நிமிடத்துக்கு 0.38 சுற்று: கணக்குப் போடத் தெரிந்தும் அளவு தெரியாத பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது?

கடைசல்மேடை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இருபத்தாறு வருடமாக லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில் நிற்கிறேன். கடைசி ஒன்பது வருடமாகப் புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் பொறுப்பு. இங்கே ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

போன மாதம் வந்த ஒரு பையனிடம் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள மைல்ட் ஸ்டீல் கம்பியைக் கொடுத்தேன். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, கம்பியைச் சுழற்றும் ஸ்பிண்டில் எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஓட வேண்டும் என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். டிப்ளமோவில் நல்ல மதிப்பெண் வாங்கியவன், ஃபார்முலாவும் மனப்பாடம். ஆனால் மீட்டரை மில்லிமீட்டராக்கும் அந்த 1000-ஐ விட்டுவிட்டான். கால்குலேட்டரில் 0.38 வந்தது. அதைத் தாளில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு என்னிடம் நீட்டினான்.

"தம்பி, இந்த வேகத்தில் ஓடினால் கம்பியைக் கவ்வும் சக் ஒரு சுற்று முடிக்க எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டேன். அவன் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். பக்கத்து இயந்திரத்தில் சக் ஓடிக்கொண்டிருக்கிறது, தாடைகள் கண்ணுக்கே தெரியாத வேகத்தில். தாளில் இருக்கும் எண் அதைப் பற்றியதுதான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. வர வேண்டிய விடை 382.

1000-ஐ விட்டது எனக்குப் பெரிய விஷயமில்லை, அது யாருக்கும் நடக்கும். 0.38 என்ற எண்ணைப் பார்த்து அவனுக்கு எந்த உறுத்தலும் வரவில்லையே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இன்னொரு பெண். மிகவும் கவனமானவள். டேப்பர் (ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த வடிவம்) கடைய வேண்டும்: பெரிய விட்டம் 40, சிறிய விட்டம் 30, நீளம் 50. அரைக்கோணத்தின் டேன் மதிப்பு 0.1, ஆகவே கோணம் 5.71 டிகிரி. அதுவரை எல்லாம் சரி. அப்புறம் அதை 5 டிகிரி 71 நிமிடம் என்று குறித்துக்கொண்டு வந்தாள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்தானே, 71 எப்படி வரும் என்று கேட்டதும் முகம் வாடிவிட்டது. 60 என்பது அவளுக்குத் தெரியும். தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது வேறு கணக்கு என்பதுதான் உறைக்கவில்லை. சரியான கோணம் ஏறக்குறைய 5 டிகிரி 43 நிமிடம்.

விட்டம் 0.40 கூடுதலாக இருக்கிறது என்று டூலை நகர்த்தும் கிராஸ் ஸ்லைடை 0.40 உள்ளே தள்ளி, ஜாப்பை (கடையும் பொருளை) 0.40 குறைவாக்கி ஸ்கிராப் செய்வது வாரம் ஒருமுறை நடக்கிறது. டூல் ஒரு பக்கம்தான் நகர்கிறது, ஜாப்போ வட்டம், ஆகவே விட்டத்தில் இரண்டு மடங்கு குறையும். இது கணக்கா அறிவியலா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு பொருளைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே புரிகிறது.

இவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. என்னிடம் இருப்பது பன்னிரண்டு வாரம். பள்ளியில் எங்கே விட்டுப்போகிறது? பத்தொன்பது, இருபது வயதில் அதைத் திரும்பக் கட்ட முடியுமா? அனுபவத்திலிருந்து சொல்லுங்கள், கடைப்பிடிக்கிறேன்.

பின்னக்கோடு எழுதியது:

ஐயா, பதினெட்டு வருடமாக நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். நீங்கள் சொன்னதில் எனக்கு வியப்பு எதுவும் இல்லை, வருத்தம் மட்டும்தான்.

அமெரிக்காவில் 1978-இல் நடந்த தேசிய மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். பதின்மூன்றில் பன்னிரண்டையும் எட்டில் ஏழையும் கூட்டினால் ஏறத்தாழ எவ்வளவு? கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டுமே ஒன்றுக்கு ஒரு மயிரிழை குறைவு, ஆக 2 என்று பார்த்தவுடன் சொல்லலாம். 24 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் மேலே இருப்பதையோ கீழே இருப்பதையோ கூட்டி 19 அல்லது 21 என்றார்கள். 1982-இல் இன்னொரு கேள்வி: ஒரு பேருந்தில் 36 வீரர்கள் ஏறலாம், 1128 பேருக்கு எத்தனை பேருந்து வேண்டும்? பத்தில் ஏழு பேர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 32 என்று எழுதியவர்கள் 23 சதவீதம்தான். நிறையப் பேர் "31, மீதி 12" என்று எழுதிவிட்டு நகர்ந்தார்கள். மீதி 12 பேர் எதில் ஏறுவார்கள்? உங்கள் பையனின் 0.38-ம் இதே இனம்தான்.

எங்கே விட்டுப்போகிறது என்று கேட்டால், என் பதில் பின்னம். அதுவரை எண் என்றால் எண்ணிக்கை. பின்னத்தில்தான் முதல்முறையாக எண் ஓர் அளவாகிறது, கோட்டில் ஓர் இடமாகிறது. அங்கே நாங்கள் அவசரப்படுகிறோம். "கீழே உள்ளதைச் சமமாக்கு, மேலே உள்ளதைக் கூட்டு" என்று விதியைக் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ராபர்ட் சீக்லரும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் அமெரிக்கா, பிரிட்டன் இரண்டு நாட்டுத் தரவுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். பத்து வயதை ஒட்டிப் பின்னத்திலும் வகுத்தலிலும் ஒரு பிள்ளைக்கு இருக்கும் பிடிமானம், ஐந்தாறு வருடம் கழித்து அந்தப் பிள்ளை கணக்கில் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே காட்டியது. குடும்பப் பின்னணி, பொது அறிவுத்திறன் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் அப்படித்தான்.

இருபது வயதில் கட்ட முடியுமா? முடியும். சுவரில் நீளமாக ஓர் எண்கோடு ஒட்டுங்கள். 0.4, 0.04, 0.385, 0.39 என்று சீட்டு எழுதிக் கொடுத்து, இடம் பார்த்து ஒட்டச் சொல்லுங்கள். 0.385 பெரிதா 0.39 பெரிதா என்பதில் பெரியவர்களே தடுமாறுவார்கள், ஏனென்றால் 385 பெரிய எண்ணாகத் தெரிகிறது. முதல் வாரத்தில் கால்குலேட்டரைத் தொட விடாதீர்கள்.

குடுவை எழுதியது:

நான் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறேன். இங்கேயும் இதே கதை. 1 மோலார் (மோலார் என்பது கரைசலின் செறிவு அளவு) கரைசலிலிருந்து 0.1 மோலாரில் 250 மில்லிலிட்டர் தயாரிக்க 25 மில்லிலிட்டர் எடுக்க வேண்டும். 2.5 எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து மடங்கு நீர்க்கச் செய் என்றால் ஒரு பங்கோடு பத்து பங்கு நீர் சேர்ப்பவர்கள் இன்னும் அதிகம். ஒன்பது பங்குதான் சேர்க்க வேண்டும். கேட்டால், செய்முறைத் தேர்வுக்குக் காணொளி பார்த்து எழுதினோம் என்கிறார்கள். பிப்பெட்டைப் பிடித்ததே இல்லை.

பின்னக்கோடு டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எண்ணுக்கு அளவு இருந்தால் மட்டும் போதாது, அந்த அளவுக்குப் பின்னால் ஒரு பொருள் இருக்க வேண்டும். 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 நடுவானில், 41,000 அடி உயரத்தில், எரிபொருள் தீர்ந்து இயந்திரங்கள் நின்று, கிம்லி என்ற ஊரின் பழைய விமான தளத்தில் மிதந்தே வந்து இறங்கியது. உயிரிழப்பு இல்லை. தேவைப்பட்டது 22,300 கிலோ. எரிபொருளின் அடர்த்திக்கு 1.77 என்ற எண்ணைப் போட்டுப் பெருக்கினார்கள். அது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற எண். இவர்கள் அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். உள்ளே போனது தேவையில் பாதிகூட இல்லை. பெருக்கல் சரியாகவே இருந்தது, ஒருவருக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

நான் புதியவர்களிடம் இதை எழுதிக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்பேன். விமான எரிபொருள் மண்ணெண்ணெய் மாதிரி. மண்ணெண்ணெய் தண்ணீரில் மிதக்குமா, மூழ்குமா? மிதக்கும் என்பார்கள். அப்படியானால் ஒரு லிட்டர் எப்படி 1.77 கிலோ இருக்கும்? அந்த நேரத்தில் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்பு அறிவியல்தான் அது. கையால் ஊற்றிப் பார்த்திருந்தால் மறந்திருக்காது.

எதிர்க்கரை எழுதியது:

மூன்று பேரும் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். டீச்சர் கொடுத்த எண்கள் நாற்பது வருடத்துக்கு முந்தியவை. "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று பேசுவதற்கு அவை எதிர்ச்சாட்சி.

அதற்காகச் சரிவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓஇசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு பல நாட்டுப் பிள்ளைகளுக்கு நடத்தும் பிசா தேர்வை 2022-இல் 81 நாடுகளையும் பகுதிகளையும் சேர்ந்த சுமார் 6,90,000 பிள்ளைகள் எழுதினார்கள், எல்லோரும் 15 வயது. ஓஇசிடி நாடுகளின் கணக்குச் சராசரி 2018-ஐ விட ஏறக்குறைய 15 புள்ளி இறங்கியது. அந்தத் தேர்வின் வரலாற்றில் அப்படி ஓர் இறக்கம் இருந்ததில்லை. 31 சதவீதம் பேர் இரண்டாம் நிலையை எட்டவில்லை. இரண்டு வழிகளில் எது மொத்தத்தில் தூரம் குறைவு என்று ஒப்பிடுவது போன்ற கணக்குதான் அந்த நிலை. தொற்றுக்காலத்தின் மீது மொத்தப் பழியையும் போட முடியாது. எல்லோரும் கொண்டாடிய பின்லாந்து 2003-இல் 544 எடுத்தது, 2022-இல் 484. அதில் பெரும்பகுதி பள்ளிகள் மூடப்படுவதற்கு முன்பே போய்விட்டது.

என் ஆதங்கம் வேறு. முன்பு பயிற்சியாளராகச் சேர்ந்தவருக்குப் பக்கத்தில் ஒரு மூத்தவர் வருடக்கணக்கில் நிற்பார். இப்போது பன்னிரண்டு வாரம் என்கிறார் கடைசல்மேடை அண்ணன். அதுவே பெரிது. பல இடங்களில் இரண்டு வாரம், அப்புறம் இயந்திரத்தில் தனியாக விட்டுவிடுகிறார்கள். பள்ளி பாதியும் பட்டறை பாதியுமாகச் சொல்லிக்கொடுத்தது ஒரு காலம். பட்டறை தன் பாதியைக் கைவிட்டுவிட்டு முழுப் பழியையும் பள்ளி மீது போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

நான் அந்த 0.38 பையன் இல்லை, ஆனால் அவனாக இருந்தவன். எனக்கு இப்போது 24 வயது.

அண்ணா, உறுத்தல் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வரும். ஆனால் வாயைத் திறக்க மாட்டேன். பள்ளியில் விடை சரியா தப்பா என்று சொல்வது ஆசிரியர் வேலை. நான் சந்தேகப்பட்டால் எனக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அதனால் விடை வந்ததும் கோடு போட்டு நீட்டிவிட்டு, அவர் முகத்தைப் பார்ப்பேன். அவன் அடியில் இரண்டு கோடு போட்டான் என்று படித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது.

என்னை மாற்றியது ஒரு மூத்தவர். நான் கால்குலேட்டரை எடுப்பதற்கு முன்பே "சுமாரா எவ்வளவு வரும், சொல்லு" என்பார். தப்பாகச் சொன்னாலும் திட்ட மாட்டார். "நூறு பக்கமா, ஆயிரம் பக்கமா, அதை மட்டும் சொல்லு" என்பார். முதல் மாதம் வாயில் வந்ததைச் சொன்னேன். மூன்றாவது மாதத்தில் சுமாரும் சரியும் பக்கத்தில் வர ஆரம்பித்தன. பின்னம் எனக்கு 22 வயதில்தான் புரிந்தது, மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவியின் திம்பிளை (சுழலும் உறையை) திருப்பிக்கொண்டே. ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர், சுற்றி 50 கோடு, ஒரு கோட்டுக்கு 0.01. நூறில் ஒன்று என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் விரலில் தெரிந்தது.

கடைசல்மேடை எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எல்லாப் பதில்களையும் அச்சிட்டு வைத்திருக்கிறேன்.

தம்பி மூன்றாம்ஷிப்ட், நீங்கள் எழுதியதைப் படித்த மறுநாளே அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏதோ சின்னதாக வந்த மாதிரிதான் இருந்தது சார், ஆனால் கால்குலேட்டர் தப்பாகச் சொல்லாதே என்று நினைத்தேன்" என்றான். ஆக, உறுத்தல் இருந்திருக்கிறது. நான்தான் தப்பாக எழுதிவிட்டேன்.

இப்போது ஜாப் கார்டில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். மேலே "சுமார்", கீழே "கணக்கு". சுமார் கட்டத்தைப் பேனாவில் எழுதாமல் இயந்திரத்தை ஆன் செய்யக் கூடாது. அந்தக் கட்டத்துக்கு நான் திருத்தம் போடுவதில்லை, அது அவர்களுடையது. இரண்டுக்கும் நடுவில் பத்து மடங்கு வித்தியாசம் வந்தால் மட்டும் என்னைக் கூப்பிட வேண்டும். முதல் வாரத்தில் பதினொரு முறை கூப்பிட்டார்கள். போன வாரம் இரண்டு முறை, அதில் ஒன்றில் சுமார்தான் சரி, கணக்குத் தப்பு. அதைக் கண்டுபிடித்தது டேப்பர் போட்ட அந்தப் பெண்.

கிராஸ் ஸ்லைடு ஸ்கிராப் மட்டும் நிற்கவில்லை. இரண்டு மடங்கு என்று வாயால் சொல்கிறார்கள், கை மறந்துவிடுகிறது. இந்த வாரம் டயலை மட்டும் நம்பாமல், 1 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி ஒவ்வொரு வெட்டுக்கும் மைக்ரோமீட்டரில் அளந்து பத்து முறை எழுதச் சொல்லியிருக்கிறேன். எதிர்க்கரை சொன்னதையும் மேலிடத்தில் பேசினேன். பன்னிரண்டு வாரத்தைப் பதினாறாக்கக் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

பின்னக்கோடு டீச்சருக்கு ஒரு கேள்வி. எண்கோடு ஒட்டினேன், 0.385-ல் ஆறு பேரில் நான்கு பேர் தடுமாறினார்கள், நீங்கள் சொன்ன மாதிரியே. இப்போது சரியாக வைக்கிறார்கள். ஆனால் கழித்தல் குறி வந்தால் திரும்பக் குழப்பம்: மைனஸ் 0.02, மைனஸ் 0.015 இரண்டில் எந்த ஆஃப்செட் (டூல் நிலைக்குக் கொடுக்கும் திருத்த அளவு) ஜாப்பை அதிகம் குறைக்கும் என்று கேட்டால் பாதிப் பேர் நிற்கிறார்கள். கோட்டை இடது பக்கமும் நீட்டினால் போதுமா, இல்லை வேறு ஏதாவது செய்வீர்களா?