சமையலறை நடுவில் ஐலேண்ட்: எந்த வகை சரிவரும்?

வணக்கம். திருச்சியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். தரைக்கு டைல்ஸ் ஒட்டுவதற்குள் ஐலேண்ட், அதாவது சமையலறை நடுவில் தனியாக நிற்கும் மேடை, பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டும், உதவுங்கள்.

சமையலறை 14-க்கு 12 அடி. இரண்டு சுவர்களை ஒட்டி ‘எல்’ வடிவ மேடை. அது போக 12-க்கு 10 அடி மிஞ்சுகிறது. சுற்றிலும் மூன்றரை அடி நடக்க விட்டால் ஐலேண்டுக்கு 5-க்கு 3 அடிதான். அடுப்பை அதில் வைக்கும் யோசனையைக் கைவிட்டோம்: கேஸ் குழாய் தரைக்கடியில் வர வேண்டும், சிம்னியும் கூரையிலிருந்து தொங்க வேண்டும். சிங்க்கும் வேண்டாம். காய் நறுக்க, சப்பாத்தி தேய்க்க, பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட, இவ்வளவுதான் தேவை.

செங்கல் வைத்துக் கட்டி, மேலே கிரானைட் போடலாம் என்கிறார் கொத்தனார். உறுதியாக இருக்கும், ஆனால் பிறகு நகர்த்த முடியாது. சக்கரம் வைத்த மர மேசை என்றால் விசேஷ நாட்களில் ஓரம் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். என் மனம் இதில்தான் நிற்கிறது. ஆனால் மாவு பிசையும்போது ஆடுமோ? கிரைண்டர் கனத்தைத் தாங்குமா? மேலே குவார்ட்ஸ் பலகை அழகுதான், ஆனால் அதில் ரெசின் என்ற பிசின் கலந்திருப்பதால் சூடான குக்கரை அப்படியே இறக்கி வைக்க முடியாது. எங்கள் வீட்டில் அப்படி வைக்காமல் இருப்பது நடக்காத காரியம்.

அப்புறம் உயரம். அத்தை ஐந்தடிக்கும் குறைவு, 36 அங்குலம் அவருக்குத் தோள்வலி தரும். 32 வைத்தால் எனக்குக் குனிய வேண்டியிருக்குமா?

சக்கர மேசை பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள். அதற்கு மின்இணைப்பு எப்படிக் கொடுத்தீர்கள்?