12 அடி உயரம் போன கொடுக்காப்புளி வேலி: எந்த மாசம், எவ்வளவு கீழே வெட்டணும்?

சேர்க்காட்டு மனை:
வணக்கம். காட்பாடியிலிருந்து சேர்க்காடு போற பக்கம் மனை. மேற்கு ஓரத்தில் 80 அடி நீளத்துக்கு உயிர்வேலி. 60 அடி கொடுக்காப்புளி, வீட்டு முனையில் 20 அடி மருதாணி. பல வருஷமா யாரும் கத்தி வைக்கலை. இப்போ உயரம் 12 அடி, அகலம் 6 அடி, அடித்தண்டு 3 முதல் 4 அங்குலப் பருமன். மேலே காடு மாதிரி இருக்கு, கீழே முட்டி உயரத்துக்கு ஒரு இலை கிடையாது. ஆடு குனியாமலே உள்ளே வருது. ஒரு இடத்தில் கிளை தெரு மின்கம்பியைத் தொடுது. நடுவில் வேற ஏதோ முள்மரமும் கோவைக்கொடியும் பின்னிக் கிடக்கு. மண் சரளைச் செம்மண்.

மரம் அறுக்கிறவர், "இந்த வாரமே மெஷின் போட்டு கணுக்கால் மட்டத்துக்கு அறுத்துடலாம், தானா துளிர்க்கும்" என்கிறார். இப்போ சித்திரை கடைசி. அறுக்கலாமா?

பாலாற்றங்கரை:
துளிர்க்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனா இந்த வாரமும் வேண்டாம், கணுக்கால் மட்டமும் வேண்டாம்.

கத்திரியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். இத்தனை வருஷம் இலை நிழலில் இருந்த பட்டை ஒரே நாளில் மேற்கு வெயிலுக்கு வந்தா வெந்து வெடிக்கும். புதுத் துளிருக்கான மொட்டு அந்தப் பட்டைக்கு அடியில்தான் இருக்கு. பட்டை செத்தா அந்தப் பக்கம் துளிர் இல்லை, வெடிப்பு வழியா துளைப்பான் புழுவும் புகும். அதனால் ஆனி கடைசி, ஆடி முதல் பாதி வரைக்கும் பொறுங்க. ரெண்டு நல்ல மழை பெய்து, மண்ணைக் கிளறினா ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் தெரியணும். அப்போ வெட்டினா தென்மேற்கு மழையும் ஐப்பசி மழையும் துளிருக்குக் கிடைக்கும். ஐப்பசி தாண்டி வெட்டினா துளிர் முற்றுறதுக்குள்ள பனி வந்து வளர்ச்சி மந்தமாயிடும். காய் பறிச்சு முடிச்சிருப்பீங்க, இந்த வருஷத்துக்கு நஷ்டமில்லை. அடுத்த வருஷம் காய் கிடைக்காது, அதை இப்பவே மனசில் வெச்சுக்குங்க.

உயரம்: 2 அடி. கணுக்கால் மட்டத்தில் அறுத்தா துளிரெல்லாம் ஆட்டு வாய்க்கு நேரே வரும், கரையானும் சுலபமா ஏறும். இன்னொரு தப்பு, பயந்துக்கிட்டு 6 அடியில் தலையை மட்டும் வெட்டுறது. துளிர் பெரும்பாலும் வெட்டுவாய்க்குக் கீழே ஒரு அடி, ஒன்றரை அடிக்குள்ளதான் கிளம்பும். 6 அடியில் வெட்டினா 5 அடியில் புதர், கீழே அதே ஓட்டை. உங்க வேலி இன்னைக்கு இப்படி நிக்கிறதுக்குக் காரணமும் மேலே அடர்ந்த புதர்தான். மேலே நிழல் விழுந்து கீழ்க்கிளை எல்லாம் செத்திருக்கு.

வெட்டுற முறை: முதலில் ரெண்டு பக்கமும் தொங்குற முள்கிளையைத் துரட்டியால் இழுத்து வெட்டி, தண்டு தெரியிற அளவுக்குச் சுத்தம் பண்ணுங்க. அதுக்கு முன்னால மெஷினை உள்ளே விட்டா சங்கிலியில் கொடி சுத்தும், கிளை முகத்தில் அடிக்கும். அப்புறம் தண்டை 4 அடியில் ஒருதரம் அறுத்துப் பாரத்தைக் கீழே இறக்குங்க. அதில் முதல் வெட்டு, சாயிற பக்கத்திலிருந்து பருமனில் மூணில் ஒரு பங்கு. ரெண்டாவது வெட்டு எதிர்ப்பக்கம், ரெண்டு விரல் மேலே. இப்படிப் பண்ணலைன்னா தண்டு சாயும்போது பட்டை அடிவரைக்கும் கிழிஞ்சு வரும். கடைசியா 2 அடியில் லேசான சரிவா அறுத்து முடிங்க, மழைத்தண்ணி வெட்டுவாயில் தங்கக்கூடாது. கட்டைவிரல் பருமனுக்குக் கீழே உள்ளதை சிக்கேச்சரில் (கிளை நறுக்குற கத்தரி) வெட்டலாம். வெட்டுக்கத்தியால் கொத்தினா முனை சிலும்பாகும், அங்கிருந்து அழுகல் இறங்கும்.

லைன் ஓரம்:
மின்கம்பி பக்கம் மட்டும் ஆடி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், காத்துக் காலத்துக்கு முன்னாடியே முடிக்கணும். ஆனா நீங்களே கை வைக்காதீங்க. மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலோ மின்னகம் புகார் மையத்திலோ (94987 94987) புகார் பதிஞ்சா லைனை நிறுத்திட்டு கிளையை எடுப்பாங்க. இரும்புத் துரட்டி கூடவே கூடாது. மூங்கில் ஆபத்தில்லைனு நினைப்பாங்க, ஈர மூங்கிலிலும் கரண்டு பாயும்.

அந்த "வேற ஏதோ முள்மரம்" என்னன்னு முதலில் பாருங்க. கொடுக்காப்புளி இலைக்காம்பு ரெண்டாப் பிரிஞ்சு, ஒவ்வொண்ணிலும் ரெண்டு இலை, ஆக நாலு இலைதான் இருக்கும். சீப்பு மாதிரி சின்னச் சின்ன இலை வரிசையா இருந்து, காய் சுருளாம நீளமா மஞ்சளா இருந்தா அது வேலிக்காத்தான். அதை 2 அடியில் வெட்டினா ஒண்ணு பத்தாக் கிளம்பி, ரெண்டு வருஷத்தில் கொடுக்காப்புளியை அமுக்கிடும். அதன் துளிர்மொட்டு மண்ணுக்கு அடியில் வேர்க்கழுத்தில் இருக்கு. சுத்தி ஒரு அடி ஆழத்துக்குப் பறிச்சு, அந்தக் கழுத்தோடு வெட்டி எடுக்கணும். மழை பெய்த மறுநாள் கடப்பாரை நல்லா இறங்கும்.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால நீளக் கம்பால் அடிப்பக்கத்தைத் தட்டிக்கிட்டே ஒரு நடை போங்க. சருகுக்குள்ள விரியன், மேலே குளவிக் கூடு, ரெண்டும் எதிர்பார்க்கணும். பூட்ஸ், தோல் கையுறை, கண்ணாடி இல்லாம கொடுக்காப்புளி கிட்டயே போகாதீங்க. குருவிக்கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தா அந்த நாலடியை விட்டுட்டு, அது பறந்து போன பிறகு வெட்டுங்க.

மருதாணிக்காரர்:
பாலாற்றங்கரை சொன்னது கொடுக்காப்புளிக்கு அப்படியே பொருந்தும். மருதாணிக்கு எனக்கு ஒப்புதல் இல்லை. மருதாணியும் அடியிலிருந்து நல்லாத் துளிர்க்கிற சாதிதான். ஆனா கை வைக்காத புதரில் பாதித் தண்டு உள்ளுக்குள்ள ஏற்கெனவே காய்ஞ்சிருக்கும். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்க. பச்சைன்னா உயிர் இருக்கு. பழுப்புன்னா அடியோடு எடுத்துடுங்க. மிச்சத்தில் ஒண்ணு விட்டு ஒண்ணு இந்த ஆடியில் ஒரு அடிக்கு வெட்டுங்க, மீதியை அடுத்த ஆடியில். அது வரைக்கும் வீட்டுப்பக்கம் மறைப்பும் இருக்கும், கைக்கு அரைக்க இலையும் இருக்கும். நறுக்கின பச்சைக்குச்சியில் பென்சில் பருமன் உள்ளதை ஒரு சாண் நீளம் துண்டாக்கி, மூணில் ரெண்டு பங்கு மண்ணுக்குள்ள போகிற மாதிரி பையில் நட்டுவெச்சா சந்து அடைக்கக் கன்றும் ஆச்சு.

கோவைக்கொடியை மேலிருந்து இழுக்காதீங்க, துளிர் ஒடியும். அடியில் கிழங்கு இருக்கும், அதைத் தோண்டணும். பிரண்டை ஏறியிருந்தா துவையலுக்கு ஆச்சு.

சேர்க்காட்டு மனை:
முள்மரம் ரெண்டு வேலிக்காத்தான்தான், இலையைப் பார்த்துட்டேன். இன்னும் மூணு சந்தேகம். பெரிய வெட்டுக்காயத்துக்கு என்ன பூசறது? நடுவில் 6 அடிக்குச் செடியே இல்லை, அதை எப்படி நிரப்புறது? வரிசையில் மூணு சவுக்கும் நிக்குது, அதையும் 2 அடிக்கு வெட்டலாமா?

பாலாற்றங்கரை:
சவுக்கை வெட்டாதீங்க. பச்சை இல்லாத முதிர்ந்த தண்டில் வெட்டினா பெரும்பாலும் அத்தோடு போயிடும். தூஜா (அழகுக்கு வளர்க்கிற ஊசியிலைச் செடி) வெச்சிருக்கிறவங்களுக்கும் இதே எச்சரிக்கை. சவுக்கைப் பக்கவாட்டில் பச்சை உள்ள இடத்தோடு நிறுத்தி வெட்டுங்க, இல்லைன்னா மரமாவே விடுங்க.

காயத்துக்கு போர்டோ பசை. 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணியில் பிளாஸ்டிக் வாளியில் கரைங்க. 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை வேற வாளியில் கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி விட்டுத் தாளிச்சு, ஆறினதும் அரை லிட்டர் ஆக்குங்க. துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊத்திக் கலக்கணும். இரும்பு, தகரப் பாத்திரம் ஆகாது. துரு பிடிக்காத நிலையில் உள்ள சாதா இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுத்தா செம்பு நிறம் ஒட்டக்கூடாது. ஒட்டினா சுண்ணாம்பு போதலை, இன்னும் கொஞ்சம் சேர்க்கணும். கலக்கின அன்னைக்கே பூசி முடிங்க, மறுநாளுக்கு வேலை செய்யாது. கட்டைவிரலைவிடப் பருமனான வெட்டுக்கு மட்டும் போதும்.

6 அடி சந்தில் வெறும் குழி பறிச்சுக் கன்று வெச்சா பக்கத்துப் பழைய வேர் தண்ணியெல்லாம் குடிச்சிடும். ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலத்துக்கு நீளவாக்கில் பள்ளம் எடுத்து, குறுக்கே வர்ற வேரை வெட்டிட்டு, பாதி தொழு உரம் பாதி மேல்மண் போட்டு நிரப்புங்க. அதில் கன்றுக்குப் பதிலா கொடுக்காப்புளி விதையை ரெண்டு வரிசை, வரிசைக்கு நடுவே ஒரு அடி, விதைக்கு விதை முக்கால் அடி, ஒண்ணுக்கொண்ணு எதிரெதிரா வராம மாத்தி ஊணுங்க. விதை இந்த வருஷத்ததா இருக்கட்டும்.

வெட்டின முள்ளை முழுசா அனுப்பிடாதீங்க. இலையோடு இருக்கிறதை ஆட்டுக்காரங்க அன்னைக்கே கேட்டு வாங்கிப் போவாங்க. முள்கிளையில் கொஞ்சத்தைச் சந்திலும் வெட்டின அடித்தண்டுக்கு வெளிப்பக்கமும் படலா அடுக்குங்க. துளிர் முட்டி தாண்டுற வரைக்கும் ஆட்டுக்கு அதுதான் தடுப்பு. தண்டை ஒட்டி அடுக்காம ஒரு முழம் தள்ளி வைங்க, காய்ஞ்ச முள்ளில் கரையான் வரும்.

வெட்டின பிறகு தண்ணியைக் கொட்டாதீங்க. இலையே இல்லாத வேலி அவ்வளவு குடிக்காது, ஊத்தினா வேர் அழுகும். மழை 10 நாள் தவறினா ஒரு தண்ணி. துளிர் விரல் நீளம் வந்ததும் அடிக்கு 1 கிலோ கணக்கில் மக்கின தொழு உரம், தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி மண்ணில் கிளறி விடுங்க. யூரியா வேண்டாம், துளிர் பிஞ்சா நீண்டு மாவுப்பூச்சிக்கு விருந்தாகும்.

துளிர் ஒரு அடி ஆனதும் பாதிக்குக் கிள்ளுங்க. பக்கக்கிளை மறுபடி ஒரு அடி வரும், மறுபடி பாதி. முதல் வருஷம் மூணு நாலு தரம் இதைப் பண்ணாம விட்டா எட்டடிக் குச்சியா நிக்கும், வேலி ஆகாது. வடிவம் அடியில் 3 அடி, மேலே 2 அடி, உயரம் 5 அடி. மேல் அகலம் அடியை மிஞ்சினா பழைய ஓட்டை திரும்ப வந்துடும். ரெண்டு முனையிலும் குச்சி நட்டு நூல் கட்டிட்டு வெட்டுங்க, கண்ணளவு 80 அடிக்குப் போதாது.

லைன் ஓரம்:
வேலை முடிஞ்ச அன்னைக்கே தெருவை வாரிடுங்க. முதல்ல பல்வாரி, அப்புறம் விளக்குமாறு, கடைசியில் சாக்கை இழுத்துக்கிட்டு ஒரு நடை. கொடுக்காப்புளி முள் சாக்கில் குத்தி ஒட்டிக்கிட்டு வரும். விட்டுட்டா தெருவில் போற டூவீலர் எல்லாம் பஞ்சர் கடையில்தான் நிக்கும்.