கலைச்சொல் வேண்டும்: தனிப்பெட்டி இல்லாத ‘ஷேர்டு ஸ்டோரேஜ்’

நண்பர்களுக்கு வணக்கம்.

திருப்பூர்ப் பக்கம் சிறு நிறுவனங்களுக்குக் கணினி அமைத்துக் கொடுப்பது என் தொழில். பத்துப் பேர், முப்பது பேர் வேலை பார்க்கும் இடங்கள். கணக்கு மென்பொருள், பில்லிங், வருகைப்பதிவு, டிசைன் கோப்புகள், அவ்வளவுதான். வாடிக்கையாளர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுத உட்கார்ந்தேன். நான்காம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

ஒரு சர்வரில் நான்கைந்து மெய்நிகர் பொறிகள், அதாவது மென்பொருளால் ஆன கணினிகள், ஓடுகின்றன. அந்த சர்வர் படுத்தால் பக்கத்து சர்வர் அவற்றை எடுத்து ஓட்ட வேண்டும். அதற்கு அவற்றின் வட்டு அதன் கைக்கு எட்ட வேண்டும். செத்த சர்வருக்குள் மாட்டிக்கொண்ட வட்டை எப்படி எட்டுவது? அதனால்தான் பெரிய இடங்களில் எல்லா சர்வருக்கும் பொதுவாக ஒரு தனிப்பெட்டி வைத்து, அதற்கென்றே தனி வலை இழுக்கிறார்கள். தொழிலில் ‘சான் பாக்ஸ்’ என்போம். சின்ன முதலாளியிடம் அதன் விலையைச் சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்.

பெட்டி வாங்காமலே அந்த வேலையை முடிக்க வழி இருக்கிறது. இரண்டு மூன்று சர்வர்களில் ஏற்கெனவே இருக்கும் வட்டுகளை மென்பொருளால் சேர்த்து, ஒரே பொது வட்டு போலக் காட்டுவது. ஒவ்வொரு சர்வரிலும் ஒரு சின்ன மெய்நிகர் பொறி உட்கார்ந்து இதைக் கவனிக்கும். இங்கே எழுதுவது அதே கணம் அங்கேயும் எழுதப்படும். இதற்கு என் வரைவில் ‘மெய்நிகர் பகிர்வுச் சேமிப்பகம்’ என்று இருக்கிறது. எனக்கே பிடிக்கவில்லை. உதவுங்கள்.

– திருப்பூரிலிருந்து

* * *

தம்பிக்கு,

‘மெய்நிகர்’ எதில் ஒட்டுகிறது என்று முதலில் பாருங்கள். மெய்நிகராக இருப்பது அந்தச் சின்னப் பொறி மட்டும்தான். சேமிப்பு மெய்யானது. வட்டு சூடாகிறது, தேய்கிறது, ஒருநாள் சாகிறது. ‘மெய்நிகர் சேமிப்பகம்’ என்று எழுதிக் கொடுத்தால், ‘அப்போ என் கணக்கு நிஜமா எங்கேயும் இல்லையா?’ என்றுதான் முதலாளி கேட்பார். கேள்வி நியாயமானது.

‘பகிர்வு’ அதைவிடச் சிக்கல். ஒன்றைப் பலர் பொதுவாக எடுப்பதையும் பகிர்வு என்கிறோம், ஒன்றைப் பல இடங்களில் பிரித்து வைப்பதையும் பகிர்வு என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு சொல்: முதலாவது ‘ஷேர்டு’, அடுத்தது ‘டிஸ்ட்ரிபியூட்டட்’. நீங்கள் சொல்லும் அமைப்பிலோ இரண்டும் நடக்கின்றன: பிரித்து வைத்ததைப் பொதுவாக எடுக்கிறார்கள். ஒரே சொல்லைப் போட்டு இரண்டையும் மூடிவிடாதீர்கள்.

என் பரிந்துரை ‘கூட்டுக் குதிர்’. குதிர் என்றால் வீட்டில் நெல் கொட்டி வைக்கும் கூடு. களஞ்சியம் ஏற்கெனவே மென்பொருள்காரர்களிடம் போய்விட்டது. கிடங்கைத் தரவுக் கிடங்கு எடுத்துக்கொண்டது. குதிர்தான் சும்மா இருக்கிறது.

– தஞ்சையிலிருந்து, ஓய்வில் இருப்பவன்

* * *

ஐயாவுக்கு வணக்கம். குதிர் வடிவான சொல்தான். ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் குதிரைக் கண்டதில்லை. ‘குதிரில் சேமிக்கவும்’ என்று திரையில் வந்தால் குதிரைக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். சொல்லை அறிந்தவர்களுக்கோ ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’தான் முதலில் ஞாபகம் வரும். தரவு பத்திரமாக இருக்கு என்று சொல்ல வந்த இடத்தில் அந்தப் பழமொழி எதற்கு?

‘கூட்டுச் சேமிப்பு’ என்று யாரும் சொல்ல முதல் நானே மறுத்துவிடுகிறேன். அது கூட்டுறவு வங்கிப் புத்தகம்.

பெயரில் வட்டு இருக்கட்டும். நாங்கள் இங்கே வன்தட்டு என்றும் சொல்கிறோம், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ‘கூட்டுவட்டு’ என்றால் என்ன? இரண்டு சொல், இரண்டும் எல்லாருக்கும் தெரியும்.

– யாழ்ப்பாணத்திலிருந்து

* * *

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி.

கூட்டுவட்டு கேட்டவுடன் பிடித்தது. வரைவில் போட்டும் பார்த்தேன். வேற்றுமை உருபு சேரும் வரை நன்றாகத்தான் இருந்தது. ‘கோப்புகளைக் கூட்டுவட்டில் வைக்கவும்’. வீட்டில் படித்துக் காட்டினேன். ‘என்ன கூட்டு, பூசணியா?’ என்றாள் மனைவி. வட்டில் என்றால் சாப்பாட்டுத் தட்டு என்பது எங்கள் ஊரில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. சொல்லைத் தனியாக வைத்து அழகு பார்த்துப் பயனில்லை, உருபு ஏற்றிப் பார்த்தால்தான் தெரிகிறது. ஆகவே ஓர் ‘அகம்’ சேர்த்து ‘கூட்டு வட்டகம்’ என்று வைக்கிறேன். நினைவகம், சேமிப்பகம் என்று பழகிய வாய்க்கு இது கஷ்டமில்லை. ‘கூட்டு வட்டகத்தில்’ என்றால் யாருக்கும் பசிக்காது.

விற்பவர் வைத்த பெயரை அப்படியே தமிழாக்கலாமே என்று இன்னொரு நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். அது கூடாது என்பதற்கு இந்தத் துறையின் வரலாறே போதும். மெய்நிகர் பொறி மென்பொருள் விற்கும் விஎம்வேர் 2011இல் சிறு நிறுவனங்களுக்கென்றே, நான் மேலே சொன்ன மாதிரி வட்டுகளைச் சேர்க்கும் ஒரு ‘ஸ்டோரேஜ் அப்ளையன்ஸ்’ விட்டது. இரண்டு அல்லது மூன்று சர்வர், அதற்குமேல் கிடையாது. தொடக்கத்தில் கண்டிப்பு அதிகம்: ஒவ்வொரு சர்வருக்குள்ளும் வட்டுகள் ரெய்டு 10இல் (ரெய்டு என்பது ஒரு சர்வரின் பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) இரட்டையாக இருக்க வேண்டும், அதற்குமேல் சர்வருக்கு சர்வர் இன்னோர் இரட்டை. நான்கு டெராபைட் வாங்கினால் கைக்கு வருவது ஒன்று. பின்னால் இடம் குறைவாகத் தின்னும் ரெய்டு 5, 6 போதும் என்று தளர்த்தினார்கள். 2014இல் விற்பனையே நின்றது. அதே ஆண்டு ‘விசான்’ என்ற வேறு பெயரில் வேறு பொருள் வந்தது. அதற்குக் குறைந்தது மூன்று சர்வர் வேண்டியிருந்தது. இரண்டு வைத்திருந்தவர் பாடு திண்டாட்டம். இதே வேலையை முன்பே செய்துகொண்டிருந்த லெஃப்ட்ஹேண்ட் நிறுவனத்தை 2008இல் 36 கோடி டாலருக்கு எச்பி வாங்கி, பிற்பாடு பொருளுக்கு ஸ்டோர்வர்ச்சுவல் என்று பெயர் மாற்றியது. அன்றைக்கே தமிழாக்கியிருந்தால் நம் கையேடுகளில் ‘இடக்கை’ மட்டும் மிச்சமிருக்கும். பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருக்கிறது. வட்டுகள் கூட்டு சேர்வது மட்டும் மாறவில்லை.

இடையில் ஒன்று. குனூ (GNU, கட்டற்ற மென்பொருள் திட்டம்) என்பதையும் க்ளஸ்டர் (cluster, சர்வர்களின் கொத்து) என்பதையும் ஒட்டித்தான் ‘க்ளஸ்டர்’ (Gluster) கோப்பு முறைக்குப் பெயர் வைத்தார்கள். தமிழில் எழுதியவுடன் நகைச்சுவை செத்துவிடுகிறது, இரண்டும் ஒரே எழுத்து! அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி. 2011இல் லினக்ஸ் நிறுவனமான ரெட்ஹேட், அதே பெயர் கொண்ட அந்த நிறுவனத்தைச் சுமார் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. பல சாதாரண சர்வர்களின் வட்டுகளை ஒன்றாக்கிக் காட்டுவதில் நம்மாள் ஒருவரின் கை இருக்கும்போது அதற்குத் தமிழில் பெயரில்லை என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

இனி இதைவிட முக்கியமான சொல்லுக்கு வருகிறேன். கூட்டு வட்டகத்தில் ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் இருக்கிறது. அந்த இரண்டாவதற்கு என்ன பெயர்? இதில் நான் ஒருமுறை சூடு பட்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பின்னலாடைக் கம்பெனிக்கு இரண்டு சர்வரில் இப்படி அமைத்தேன். லினக்ஸ், டிஆர்பிடி (ஒரு சர்வரின் வட்டில் எழுதுவதை இன்னொன்றிலும் எழுதும் மென்பொருள், 2010இல் லினக்ஸ் கருவகத்தின் 2.6.33 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது, உரிமக் கட்டணம் இல்லை). முதலாளியிடம், ‘உங்க தரவுக்கு ரெண்டு நகல் இருக்குங்க, ஒரு சர்வர் போனாலும் கவலையில்லை’ என்றேன். தனியாக ஒரு வெளிவட்டில் காப்புநகல் எடுக்கும் வேலையை அவர்கள் தலையில் விட்டேன். இரண்டு நகல் இருக்கிறதே என்று அவர்கள் அதை நிறுத்திவிட்டார்கள். எட்டு மாதம் கழித்துக் கணக்குப் பிள்ளை ஒருவர் தெரியாமல் போன வருடக் கோப்புறையை அழித்துவிட்டார். இங்கே அழிந்த அதே கணம் அங்கேயும் அழிந்தது. அதுதானே அதன் வேலை. ‘ரெண்டு இருக்குன்னு சொன்னீங்களே தம்பி’ என்று அவர் கேட்டபோது என்னிடம் பதிலில்லை. பொய் சொல்லவில்லை, ஆனால் ‘நகல்’ என்ற சொல்லுக்கு அவர் புரிந்துகொண்ட பொருள் வேறு. ஜெராக்ஸ் எடுத்து பீரோவில் வைப்பதைத்தான் நம்மவர்கள் நகல் என்பார்கள். மூலத்தைக் கிழித்தாலும் ஜெராக்ஸ் கிழியாது.

ஆகவே அந்த இரண்டாவதற்குக் கண்டிப்பாக வேறு சொல் வேண்டும். ‘பிரதி’ என்றாலும் இதே கதைதான். கண்ணாடி என்ற பொருளில் ‘ஆடி நகல்’ என்று பார்த்தேன், ஆடித் தள்ளுபடி ஞாபகம் வந்துவிட்டது. இப்போது வைப்பது: ‘உடன்நகல்’. கூடவே எழுதப்படும், கூடவே அழியும்.

– திருப்பூரிலிருந்து

* * *

தம்பி, வட்டகம் சரி. உடன்நகலில்தான் ஒரு வேடிக்கை. அரசன் + நல்லன் = அரசனல்லன் என்று புணரும் அல்லவா? அதே கணக்கில் உடன் + நகல் = உடனகல். அதையே ‘உடன் அகல்’ என்றும் பிரிக்கலாம். உடனே போய்விடு! தரவுக்கு அப்படி ஒரு பெயரா?

அதோடு, உங்கள் கதைப்படி அந்த முதலாளி தடுக்கி விழுந்தது ‘நகலில்’தான். முன்னால் என்ன அடைமொழி போட்டாலும் பேச்சில் அது உதிர்ந்து நகல் மட்டும் மிஞ்சும். கல்லை அகற்றாமல் மேலே துணியைப் போர்த்துகிறீர்கள். ‘இரட்டை’ என்றே சொல்லிப் பாருங்களேன்.

– தஞ்சையிலிருந்து

* * *

ஐயா சொல்வது சரி. இரட்டைக்கு என் வாக்கு.

நடுவில் இன்னொன்றை எல்லோரும் மறந்துவிட்டோம். இரண்டு வழங்கிகளுக்கு (நீங்கள் சொல்லும் சர்வர்தான்) நடுவில் வயர் அறுந்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டது என்று நினைத்து, தானே பொறுப்பெடுத்து எழுதத் தொடங்கும். வயரை மறுபடி கொழுவினால் இரண்டு கணக்கு, இரண்டும் பாதி உண்மை. அதனால்தான் தரவு எதுவும் வைக்காத மூன்றாவது ஒன்று வாக்குக்காக மட்டும் நிற்கிறது. ஆங்கிலத்தில் அதைச் சாட்சி என்கிறார்கள். ‘நடுவர்’ என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. நடுவர் தீர்ப்புச் சொல்வார். இது தீர்ப்புச் சொல்லாது, யாரோடு தொடர்பு இருக்கிறதோ அவர் பக்கம் நிற்கும், அவ்வளவுதான். காணி உறுதி எழுதும்போது சாட்சிக்காரர் கையெழுத்து வைப்பதில்லையா? காணி அவருடையதில்லை, ஆனால் அவர் இல்லாமல் உறுதி செல்லாது.

– யாழ்ப்பாணத்திலிருந்து

* * *

சாட்சி ஏற்கப்பட்டது, அக்கா. கடைசி உதாரணத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், ‘உறுதி’யை மட்டும் ‘பத்திரம்’ என்று மாற்றி. இரட்டையும் சரி. வாடிக்கையாளர் ஒருவரிடம் போனில் சொல்லிப் பார்த்தேன், ‘ரெட்டைப் புள்ள மாதிரியா?’ என்றார். ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தால் மற்றதற்கும் வரும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவரே சொன்னார்.

நான்காம் பக்கம் இப்போது இப்படி இருக்கிறது:

‘உங்கள் இரண்டு சர்வர்களின் வட்டுகளும் சேர்ந்து ஒரு கூட்டு வட்டகம். நீங்கள் சேமிக்கும் ஒவ்வொன்றும் இரண்டு சர்வரிலும் இரட்டையாக இருக்கும். ஒரு சர்வர் நின்றால் மற்றது ஓடும். இரண்டுக்கும் தொடர்பு அறுந்தால் எது ஓடுவது என்பதற்குச் சாட்சி ஒன்று இருக்கிறது. மேசைக்கடியில் உள்ள அந்தச் சின்னப் பெட்டிதான் அது, அதன் பிளக்கைப் பிடுங்கி போன் சார்ஜ் போடாதீர்கள். நீங்கள் அழிப்பது இரட்டையிலும் அழியும். காப்புநகலைத் தனி வட்டில், சனிக்கிழமைதோறும், நீங்கள்தான் எடுக்க வேண்டும்.’

பிளக் வரியை நீக்கச் சொல்லாதீர்கள். அது நடந்தது.

– திருப்பூரிலிருந்து