மனைப்பொருளியல் சொல்லித்தர கொழும்பில் யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் வெள்ளவத்தையில் தமிழ் மொழிமூலம் தரம் 10 படிக்கிறாள். சாதாரண தரத்துக்கு மனைப்பொருளியலைத் தானே விரும்பி எடுத்தாள். படிப்பித்த டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார், பதிலுக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை. கணிதம், விஞ்ஞானத்துக்கு இங்கே சந்திக்குச் சந்தி டியூஷன். இதற்குத்தான் ஆளே கிடைக்கவில்லை.

கேட்டால், "சமையல்தானே, வீட்டிலேயே காட்டிக் கொடுங்கோ" என்கிறார்கள். கவலையாக இருக்கிறது. வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் பிழிவது ருசிக்கு மட்டுமில்லை, அதிலுள்ள விற்றமின் சி கீரையின் இரும்புச்சத்தை உடல் உறிஞ்ச உதவுகிறது என்று அன்றைக்கு மகள் எனக்கு விளக்கினாள். மரக்கறியை வெட்டிய பிறகு கழுவவே விடமாட்டாள், நீரில் கரையும் விற்றமின்கள் போய்விடுமாம். இவ்வளவு ஆசையாகப் படிக்கிற பிள்ளையைப் பாதியில் விட மனமில்லை.

போசணைப் பகுதியை ஓரளவு நானே சமாளிப்பேன். நுகர்வோர் உரிமைக்கும் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தை எடுத்து வைத்துச் சேர்ந்து வாசிக்கிறோம். தையலும் குடும்ப வரவு செலவுத் திட்டமும்தான் கஷ்டம்.

ஓய்வுபெற்ற டீச்சர்மார் யாராவது பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். சனி, ஞாயிறு என்றால் வசதி, கட்டணம் தருவோம். தமிழ்மொழிக் கடந்தகால வினாத்தாள்கள் வைத்திருப்பவர்கள் தந்தால் பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறேன். அப்புறம், இதே பாடம் எடுக்கும் பிள்ளைகள் அருகில் இருந்தால் எங்கள் வீட்டிலேயே சேர்ந்து படிக்கலாம்.